ஆண்டு முத்திரை விழாத பெயர்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தேதி எழுதிய கட்டத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பெண் குழந்தைகளின் பெயர்களை மட்டும் வாசித்தாலே போதும், அந்தப் பக்கம் எந்தப் பத்தாண்டில் எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். சேலத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருப்பதால் எனக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது. வயதுச் சான்றுக்காகவும் தொலைந்துபோன மாற்றுச் சான்றிதழுக்காகவும் முதியவர்கள் வரும்போதெல்லாம், அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்ட நேர்கிறது. 1950களின் பக்கங்களில் பழனியம்மாள், அங்கம்மாள், மாரியம்மாள், பாவாயி, குப்பாயி, பாப்பாத்தி என்று குலதெய்வங்களும் வீட்டுப் பாட்டிகளும் நிறைந்திருக்கிறார்கள். அம்மாப்பேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடையே சௌடேஸ்வரி தவறாமல் வருகிறாள். 1970களைத் திருப்பினால் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, பூங்கொடி, மலர்விழி, தேன்மொழி. 1990களில் திவ்யா, ரம்யா, சௌமியா, கூடவே ஏதாவது ஒரு பிரியா. அதற்குப் பின் ஹர்ஷினியும் வர்ஷினியும் தர்ஷினியும் ஒரே வகுப்பில் அமர்ந்து, வருகைப் பதிவின்போது ஒருவருக்குப் பதில் மற்றவர் "உள்ளேன் அம்மா" என்று எழுந்து நிற்கிறார்கள்.

என் தம்பிக்குப் பெண் பிறந்து, அவனும் அவன் மனைவியும் என்னிடம் பெயர் கேட்டபோது இந்தப் பதிவேடுகள்தாம் முதலில் நினைவுக்கு வந்தன. எங்கள் வீட்டில் தொட்டிலிடும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. ஆனால் எந்தப் பெயர் என்று முடிவு செய்வது பெற்றோரின் பொறுப்பு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவர்கள் கேட்டது எளிதாகத் தோன்றி, யோசிக்க யோசிக்கக் கடினமாகிப்போன ஒன்று: பெயர் கம்பீரமாகவும் அழகாகவும் இருக்க வேண்டும், நெடுங்காலம் வழங்கியதாக இருக்க வேண்டும், ஆனால் பழைய பெட்டியிலிருந்து எடுத்தது போல இருக்கக் கூடாது. நான் இதை எனக்குப் புரிந்த மொழியில் இப்படி மாற்றிக்கொண்டேன். பெயரைக் கேட்டவுடன் பிறந்த ஆண்டு தெரிந்துவிடக் கூடாது. அப்பெயருடையவளுக்கு ஐந்து வயதும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம் என்று கேட்பவர் நினைக்க வேண்டும்.

முத்திரை எப்படி விழுகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறை முழுவதும் ஒரே திசையில் நடக்கும்போது பெயர்களும் சேர்ந்து நடக்கின்றன. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னர் வந்த திராவிட இயக்கமும் தமிழ்நாட்டுப் பெயர்களைப் புரட்டிப்போட்டதில் சேலத்துக்கும் ஓர் இடம் உண்டு. நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது 1944 ஆகஸ்டில் நடந்த சேலம் மாநாட்டில்தான்; அதே மாநாட்டில்தான் ஆங்கில அரசு தந்த பட்டங்களையும் பெயருக்குப் பின்னால் வரும் சாதி ஒட்டுகளையும் விட்டுவிட வேண்டும் என்று அண்ணாதுரையின் பெயரால் அமைந்த தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிந்திய காலத்தில் பெற்றோர்கள் தலைவர்களிடம் கைக்குழந்தையைக் கொடுத்து மேடையிலேயே பெயர் வைக்கச் சொன்னார்கள். தமிழ்ச்செல்வியும் கலைச்செல்வியும் அந்த எழுச்சியின் குழந்தைகள். அப்பெயர்களை நான் குறைவாக மதிப்பவள் அல்லள். பாவாயி என்றும் குப்பாயி என்றும் அழைக்கப்பட்ட தாய்மார் தம் மகளுக்கு இலக்கியத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துச் சூட்டியது பெரிய காரியம். ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் சூட்டியதால் அவற்றின் மேல் ஆண்டு விழுந்துவிட்டது. இன்றைய யாழினிக்கும் மகிழினிக்கும் இன்னும் முப்பது ஆண்டுகளில் இதுவே நேரும் என்று நினைக்கிறேன்.

முத்திரை விழாத பெயர்களும் அதே பதிவேட்டில் இருக்கின்றன. ஃபாத்திமாவும் ஆயிஷாவும் எல்லாப் பத்தாண்டுகளிலும் வருகிறார்கள். அந்தப் பெயரை வைத்து வயதைக் கணிக்கவே முடியாது. ஏற்காட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளில் மேரியும் தெரசாவும் அப்படித்தான். அமலோற்பவம், விண்ணரசி, ஆரோக்கியமேரி போன்ற அழகிய கிறித்தவத் தமிழ்ப் பெயர்கள்கூட ஒரு காலத்தைச் சேர்ந்தவையாகத் தோன்ற, மேரி மட்டும் வயதே ஏறாமல் நிற்கிறாள். இந்துப் பெயர்களில் மீனாட்சி, வள்ளி, கல்யாணி, லட்சுமி ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றில் எதுவும் எந்தக் காலத்திலும் வகுப்பில் பாதிப் பேருக்கு வைக்கப்பட்டதில்லை, எந்தக் காலத்திலும் அறவே இல்லாமல் போனதும் இல்லை. நான் தேடியது இந்த இயல்பைத்தான்.

பாட்டியின் பெயரைச் சூட்டலாமே என்று என் அம்மா சொன்னார். எங்கள் பாட்டியின் பெயரும் பாவாயிதான். இந்த வழக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆனால் மாமியாரின் பெயரைத்தான் மகளுக்கு வைக்க வேண்டும். எனவே பெற்ற தாயே தன் மகளைப் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் பாப்பா, கண்ணு, சாமி, தங்கம் என்று அழைத்து, அந்த அழைப்பே பெயராக நிலைத்துவிடும். சான்றிதழுக்காக வரும் முதிய பெண்களிடம் பதிவேட்டில் இருக்கும் பெயர் என்ன என்று கேட்டால், பலர் உடன் வந்த மகனைத் திரும்பிப் பார்ப்பது இதனால்தான். வாழ்நாள் முழுவதும் ஒருவரும் அழைக்காத பெயரைச் சுமந்திருக்கிறார்கள். தம்பி மனைவி என் அம்மாவின் முகத்துக்கு நேராகவே, "அத்தை, நான் வாய் நிறையக் கூப்பிடற மாதிரி பேரு வேணும்" என்று சொல்லிவிட்டாள். அம்மா சிரித்துவிட்டார், பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு பழைய இலக்கியங்களில் தேடினோம். அங்கே முதலில் கண்ணில் பட்டது ஓசை. ஔவை, கண்ணகி, மாதவி, கோதை, வள்ளி, மேகலை, ஆதிரை, குந்தவை, திலகவதி, புனிதவதி: நம்முடைய பழைய பெண் பெயர்கள் பெரும்பாலும் இகரத்திலோ ஐகாரத்திலோ முடிகின்றன. இன்று விரும்பப்படும் பெயர்களில் பல ஆகாரத்தில் முடிகின்றன. ஐகாரத்தில் முடியும் பெயரை வாசலில் நின்று அழைத்துப் பாருங்கள், கடைசி ஒலி அடங்கி இறங்கும். அந்த அடக்கத்தில்தான் கம்பீரம் இருக்கிறது என்பது என் கருத்து. இது ஒரு தமிழாசிரியையின் சாய்வு என்று நீங்கள் ஒதுக்கிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் பழமையானது என்பதற்காகவே ஒரு பெயரை எடுத்துவிட முடியாது. சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஒன்பது கா என்னும் எடையுள்ள பொன்னும் நூறாயிரம் காணம் என்னும் பொற்காசும் பரிசாகப் பெற்ற பெண்பாற் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். நச்செள்ளை என்னும் பெயரை நான் எவ்வளவு விரும்பினாலும், அதன் முதல் எழுத்துகள் இன்றைய காதில் நஞ்சாகவே விழும். காவிரி வெள்ளம் கொண்டுபோன கணவனைத் தேடி அலைந்த ஆதிமந்தியின் கதை நெஞ்சை உருக்கும். ஆனால் மந்தி என்று முடியும் பெயரோடு ஒரு குழந்தையை ஆறாம் வகுப்புக்குள் அனுப்புவது கொடுமை. பாரி மகளிரின் நிலை இன்னும் வருத்தமானது. புறநானூற்றில் அவர்களுக்குத் தனிப் பெயரே இல்லை, பாரி மகளிர் என்றுதான் குறிப்பு. அங்கவை, சங்கவை என்பவை பிற்கால மரபு தந்த பெயர்கள். அந்த இரண்டு பெயர்களையும் 2007இல் வந்த ஒரு பெரிய திரைப்படம் கேலிக்குரிய இரு பாத்திரங்களுக்குச் சூட்டியது. அதன்பிறகு தமிழ்நாட்டில் யாராவது தம் மகளுக்குச் சங்கவை என்று பெயர் வைக்கத் துணிந்தால் அவரை நான் தேடிச் சென்று வணங்குவேன். ஒரு பெயரை ஆயிரம் ஆண்டுகள் காத்து வைத்திருந்தாலும் ஒரு மாலைக் காட்சி போதும் அதைக் கெடுக்க.

பெயரோடு ஒட்டிவரும் கதையும் ஒரு தடைதான். மாதவி என்றதும் அம்மா முகம் சுளித்தார். கோவலனைப் பிரித்தவள் என்றார். கலையில் தேர்ந்தவள், தன் மகளைத் துறவுக்கு அனுப்பும் துணிவு பெற்றவள் என்று நான் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. கண்ணகி என்றால் கணவனை இழந்தவள். தமயந்தி காட்டில் கைவிடப்பட்டவள். சீதையின் பெயரைச் சீதாலட்சுமி, ஜானகி, மைதிலி என்று மாற்றி வைத்தாவது துயரத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தப் பார்க்கிறோம். இப்படிக் கழித்துக்கொண்டே போனால், துன்பப்படாத பெண் நம் காப்பியங்களில் ஒருத்தியும் எஞ்ச மாட்டாள்.

இதற்கிடையில் ஜாதகம் எழுதி வந்தது. குழந்தை திருவாதிரை நட்சத்திரம், மூன்றாம் பாதம். பஞ்சாங்கத்தில் திருவாதிரைக்கு உரிய எழுத்துகள் கு, க, ங, ச; மூன்றாம் பாதத்துக்கு ங. தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். அங்ஙனம், இங்ஙனம் என்று ஒட்டி வருவதற்காக மட்டும் நன்னூல் ஙகரத்துக்குச் சொல்லின் முதலில் ஓரத்தில் ஓர் இடம் தந்திருக்கிறதே தவிர, அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் ஒன்றை எந்தத் தமிழ்ப் புலவராலும் ஆக்கித்தர முடியாது. அஸ்தத்தில் பிறந்தவர்களுக்கு ணகரமும் டகரமும் வந்து இதே சிக்கலைத் தருகின்றன. அந்த அட்டவணை வடமொழியின் ஒலி வரிசையை ஒட்டி அமைந்தது. க என்னும் ஒரே எழுத்தால் நாம் எழுதுகிறவற்றை அது நான்காகப் பிரித்துப் பார்க்கிறது. ஜோதிடரே பெருந்தன்மையோடு, நான்கு எழுத்துகளில் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டார். எங்கள் பாட்டிமார் ஒருவருக்கும் எழுத்து பார்த்துப் பெயர் வைக்கவில்லை என்பதையும், பாவாயிக்கு எந்த நட்சத்திரமும் இடையூறு செய்யவில்லை என்பதையும் அம்மாவே நினைவுபடுத்தினார்.

தம்பிக்கு அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. எழுத்து எதற்கு, நட்சத்திரத்தின் பெயரையே வைத்துவிடலாமே என்றான். ஆதிரை! மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்ட கற்புக்கரசி. அவள் கணவன் கடலில் மாண்டதாக வந்த செய்தியும் பொய்த்து, அவன் திரும்பியும் வந்துவிட்டான் என்பதால் கதையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாம் இராசேந்திர சோழன் பிறந்த நட்சத்திரமும் அதுவே. எனக்கு இருந்த தயக்கம் ஒன்றுதான். அண்மை ஆண்டுகளின் சேர்க்கைப் படிவங்களில் ஆதிரை என்னும் பெயர் அடிக்கடி வரத் தொடங்கியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பெயரானாலும் ஒரே பத்தாண்டில் எல்லோரும் கையில் எடுத்தால் முத்திரை விழுந்துவிடும்.

என் விருப்பம் கோதை. இதைவிடப் பல காலங்களைக் கண்ட பெண் பெயர் எனக்குத் தெரியவில்லை. பெண் பெயர் என்று சொல்வதுகூட முழுவதும் சரியில்லை, ஏனென்றால் சங்க காலத்தில் அது சேர மன்னர்களின் பெயர். மாக்கோதை, குட்டுவன்கோதை என்று எழுத்துப் பொறித்த சேரர் காசுகள் நம் பக்கத்துக் கரூரிலேயே கிடைத்திருக்கின்றன. வில்லிபுத்தூரில் ஆண்டாளின் இயற்பெயராக அது பக்தியில் தோய்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, ஜகன்மோகினி இதழையும் நடத்திய வை.மு. கோதைநாயகி அதை அச்சு மையில் நனைத்தார். அரசனுக்கும் அடியாருக்கும் எழுத்தாளருக்கும் பொருந்திய பெயர் ஒரு சேலத்துப் பெண்ணுக்குப் பொருந்தாமல் போகுமா? ஆனால் தம்பி மனைவிக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. நல்ல பெயர்தான் அண்ணி, ஆனால் நான் கூப்பிடுவதாக நினைத்துப் பார்த்தால் வேறு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல இருக்கிறது என்றாள். இந்தக் காரணத்துக்கு எதிராக எந்த இலக்கியச் சான்றும் செல்லாது.

அவள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் வளர்ந்தவள். அவள் சொன்ன பெயர் காவேரி. ஏற்காட்டுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் ஏரியையும் பகோடா முனையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மலையின் உச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு எல்லோரும் போவதில்லை. தலை குனிந்து நுழைய வேண்டிய குறுகலான குகை அது. உள்ளே சேர்வராயனோடு வீற்றிருக்கும் அம்மனின் பெயர் காவேரி. மலையே ஆண் தெய்வம், ஆறே பெண் தெய்வம் என்று மலைவாழ் மக்கள் கொண்டிருக்கிறார்கள்; குகை உள்ளே நீண்டுகொண்டே போய் ஆற்றைச் சேர்கிறது என்றும் சொல்வார்கள். மே மாதத் திருவிழாவில் மலையின் எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் அங்கே கூடுகிறார்கள். சிறுமியாக அந்தக் கூட்டத்தில் நின்ற நினைவு அவளுக்கு அப்பெயரோடு கலந்திருக்கிறது. மலைக்குக் கீழே எங்களுக்கோ காவேரி என்பது மேட்டூர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்துதான் சேலத்து வீடுகளுக்குக் குடிநீர் வருகிறது. இருவர் வீட்டுக்கும் உரிய பெயர் இதைவிட வேறு என்ன இருக்க முடியும் என்று அவள் கேட்டபோது எனக்கு மறுப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. சாத்திரம் அறிந்த உறவினர் ஒருவர், ஆற்றின் பெயரையும் நட்சத்திரத்தின் பெயரையும் பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்றார். அவர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயருடைய பெண்ணை மணக்க வேண்டாம் என்று மனுவின் நூல், மூன்றாம் அத்தியாயத்தில், உண்மையாகவே சொல்கிறது. தமிழ்நாடு இதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ரோகிணி, ரேவதி, சித்ரா, கங்கா, யமுனா, துளசி, வஞ்சி, அன்னம், கிளியம்மாள், நாகம்மாள் என்று அந்தத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்து வைத்தது போல நம் வீடுகள் முழுவதும் பெண்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் திருமணமும் ஆகித்தான் இருக்கிறது. அதே நூல் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்வதை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன்: பெண்ணின் பெயர் எளிதாக உச்சரிக்கக் கூடியதாகவும் கடுமையற்றதாகவும் பொருள் தெளிந்ததாகவும் மனத்தைக் கவர்வதாகவும் இருக்க வேண்டும். காவேரி என்னும் பெயரில் இவற்றில் எது குறைகிறது என்று அந்த உறவினரைக் கேட்டேன். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, உங்கள் விருப்பம் என்றார்.

என் சொந்தச் சோதனையில் அந்தப் பெயர் எப்படித் தேறுகிறது என்பதையும் பார்த்தேன். பதிவேட்டில் காவேரி எல்லாக் காலத்திலும் இருக்கிறாள். 1950களில் பாவாயிக்கு அடுத்த வரியில் இருக்கிறாள்; கலைச்செல்விகளுக்கு நடுவே இருக்கிறாள்; எடப்பாடி, பூலாம்பட்டி, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகளிடையே சற்று அதிகமாகவே இருக்கிறாள். வகுப்புக்கு ஒருத்திக்கு மேல் பார்த்த நினைவில்லை. காவிரி என்று எழுதலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. சங்கப் பாடல்களில் காவிரி. சிலம்பின் கானல்வரியில் விளித்துப் பாடும்போது காவேரி. அழைப்பதற்கு உரிய பெயர் என்பதால் நெடில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன், குகையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று தம்பி மனைவி சொன்னாள்.

இனி எழுத்து வேலைகள்தாம் மிச்சம். பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும் என்றாலும் பெயர் இல்லாமலேயே பதிவு செய்யலாம், பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதன்பிறகும் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாததால், மருத்துவமனைப் படுக்கையிலேயே அவசர அவசரமாகக் கைப்பேசியில் தேடி ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம், ஆனால் எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் காலத்தில், ஆதாரில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றில் வேறு விதமாகவும் எழுத்துகள் இருப்பதால் அலைகிற பெற்றோரை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் கணிசமானோர் எண்கணிதக்காரர் சொன்னதற்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ கொண்டவர்கள். தமிழ்ப் பெயரின் நல்வினை தீவினையை ஆங்கில எழுத்துகளின் கூட்டுத்தொகையில் பார்ப்பது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு.

எங்களிடமும் ஒருவர் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு ஆங்கிலேயர் எழுதியது போல 'சி' என்னும் எழுத்தில் தொடங்கி நடுவில் 'யு' ஒன்றையும் சேர்த்தால் எண் நன்றாக வருகிறது என்றார். தம்பி விண்ணப்பத்தில் 'கே' என்று தொடங்கி, ஒலிக்கிறபடியே எழுதினான். தலைப்பெழுத்தாகத் தாயின் எழுத்தையும் தந்தையின் எழுத்தையும் சேர்த்தே போட்டான். ஆங்கிலேயரின் எழுத்துக்கூட்டல் வேண்டுமானால் ஆற்றோடு இருக்கட்டும், இவளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தான்.